வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண்

எங்கள் வகுப்பில் ஒன்பதாம் எண்ணுக்கு யாரும் ஆசைப்பட்டதில்லை. வருகை எடுக்கும்போது 'எட்டு' முடிந்ததுமே கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். ஏன் என்று தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு: 'ஒன்பது' என்பது இங்கே திருநங்கைகளையும் நளினமான ஆண்பிள்ளைகளையும் கேலி செய்யும் சொல். யாருக்கு அந்த எண் வந்தாலும் ஒரு வாரம் கேலி ஓடும், அப்புறம் அடங்கிவிடும். அந்த வருடம் அடங்கவில்லை. கொஞ்சம் நளினமாக நடக்கிற, பெண்பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுகிற ஒருவனுக்கு அது வந்திருந்தது. ஒருநாள் சார் எண்ணைக் கூப்பிடவில்லை. எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரித்தார், அவ்வளவுதான். அன்றோடு எங்களுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுதுவது அயோக்கியத்தனம்.

அவன் பள்ளிக் கழிப்பறைக்குப் போகவே மாட்டான். அதற்காகத்தான் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. 'இடைநின்றவர்' என்று எழுதி மூடியிருப்பார்கள்.

இடைநிற்றல். இந்தச் சொல்தான் எனக்கு ஆவதில்லை. பிள்ளை தானாக நடுவழியில் நின்றுவிட்ட மாதிரி! நாற்பது பேர் சேர்ந்து வெளியே தள்ளியதற்கு இவ்வளவு நாசூக்கான பெயரா?

2019-இல் யுனெஸ்கோ ஓர் ஆய்வை வெளியிட்டது. தமிழ்நாட்டில், பால், பாலின சிறுபான்மையினருக்காக இயங்கும் சென்னை சகோதரன் அமைப்போடு சேர்ந்து, பால்புதுமை (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற) இளைஞர்களிடம் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டு எடுத்தது. தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 43 சதவீதம். தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்புக்குள். பள்ளியில் புகார் சொன்னவர்களோ 18 சதவீதம்தான். சொன்னால் என்ன நடக்கும்? "நீ கொஞ்சம் ஆம்பளை மாதிரி இருடா" என்பார்கள். இல்லையென்றால் அப்பாவை வரச் சொல்வார்கள். வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று உயிரைக் கையில் பிடித்திருக்கிற பிள்ளைக்கு, அடியை விடப் பெரிய தண்டனை அது. படிப்பை விட்டதற்கு இந்தத் துன்புறுத்தலே முக்கியக் காரணம் என்றவர்கள் மூன்றில் ஒருவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 73 சதவீதம். ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்று பதிவானவர்களுக்கு 56. நடுவில் இருக்கிற அந்த 17 எங்கே தொலைந்தது என்று தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

வழி தெரியாமலும் இல்லை. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்த உத்தரவில், பள்ளிகளில் பால் பேதமற்ற கழிப்பறை வேண்டும், பாடத்திட்டத்தில் மாற்றம் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அதே ஆண்டு கடைசியில் பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டி, திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு போட்டது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்திலிருந்து ஆட்சேபம் வந்ததும், சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து காணாமல் போனது. குழந்தைகள் உரிமை ஆணையம்! பெயரை இன்னொரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

"சின்னப் பிள்ளைகள் மனதில் இல்லாததைப் புகுத்தாதீர்கள்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒம்போது, அலி, பொட்டை என்ற மூன்றும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பாடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, புத்தகம் இல்லாமல். எனக்குக் கையேடெல்லாம் கூட அப்புறம்தான். உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற ஒரு கழிப்பறை, வருகை எடுக்கும்போது சிரிக்காத ஒரு சார். இது இரண்டும் இருந்திருந்தால் அவன் அந்த முழு ஆண்டுத் தேர்வை எழுதியிருப்பான்.

அண்ணன் மகன் இப்போது ஏழாவது படிக்கிறான். போன வாரம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன்: "உங்க கிளாஸ்ல நம்பர் ஒன்பது யாருடா?"

பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டான்.