சக்கரம் வைத்த வீடாம்!

"வீட்டையே கூட எடுத்துப் போகலாம்" என்று சொன்ன புண்ணியவான், ஒருநாளாவது குடும்பத்தோடு, படுக்கையும் குளியலறையும் உள்ளேயே இருக்கிற இந்தக் கேரவன் வண்டியில் குடியிருந்திருப்பாரா? வெந்நீர்த் தொட்டி மொத்தமே 22 லிட்டர் சொச்சம். முதலில் போகிற மகள் பாட்டுப் பாடிக் குளிப்பாள். கடைசியில் போகிற எனக்குப் பச்சைத்தண்ணீர். சாப்பாட்டு மேசைதான் ராத்திரி என் கட்டில். எல்லோரும் சீட்டாடி முடித்து, பிஸ்கட் தூளைத் தட்டிவிட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம். புரண்டு படுத்தால் வண்டியே ஆடுகிறது. உடனே மேல் படுக்கையிலிருந்து, "அப்பா, ஆட்டாதீங்க!"

சரி, இதெல்லாம் போகட்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும்போது மட்டும் ஏன் அத்தனை பேருக்கும் திடீரென்று தூக்கம் வருகிறது? கையுறையும் குழாயுமாக நான் மட்டும் வெளியே. ஜன்னல் வழியாக ஒருத்தி எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு டாட்டா வேறு காட்டுகிறாள்.