மண்டியிட்டிருந்தாலும் கிடைத்திருக்காது
பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி சீனப் பேரரசர் முன் 'கோவ்டோ' செய்ய மறுத்ததால்தான், வணிகச் சலுகை கேட்டு 1793இல் சீனா சென்ற பிரிட்டிஷ் தூது தோற்றது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கோவ்டோ என்றால் மண்டியிட்டு மூன்று முறை நெற்றியால் தரையைத் தொட்டு எழ வேண்டும். இதையே மூன்று தடவை, ஆக ஒன்பது வணக்கம். பேரரசரின் கோடை இருப்பிடமான ஜெஹோலில் மெக்கார்ட்னி ஒற்றைக் காலில் மட்டும் மண்டியிட்டார், உண்மைதான். ஆனால் 1795 ஜனவரியில் பெய்ஜிங் போன டச்சுத் தூதர் டிட்சிங்கும் உடன் சென்ற வான் பிராமும் கேட்ட இடத்திலெல்லாம் கோவ்டோ செய்தார்கள். பருத்த உடம்புக்காரரான வான் பிராம் குனிந்தபோது தொப்பி கழன்று விழ, சியான்லுங் பேரரசர் சிரித்தே விட்டார். அவ்வளவு பணிந்தும் ஒரு வணிகச் சலுகைகூட இல்லாமல்தான் திரும்பினார்கள். 1656இல் வந்த டச்சுக்காரர்களும் முறைப்படி வணங்கினார்கள். கிடைத்தது எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வர அனுமதி மட்டுமே. சிக்கல் மெக்கார்ட்னியின் கோரிக்கைகளில் இருந்தது: பெய்ஜிங்கில் நிரந்தரத் தூதர், நிங்போ, சூஷான், தியான்ஜின் துறைமுகங்கள், சூஷான் அருகே சரக்கு வைக்க ஒரு தீவு. 1757 முதல் மேற்கத்தியக் கப்பல்களுக்கு தெற்கே உள்ள குவாங்சோ துறைமுகம் மட்டுமே என்றிருந்த ஏற்பாட்டையே இவை உடைத்திருக்கும். தீவு கேட்டதைப் பேரரசர் தன் மண்ணைக் கேட்டதாகத்தானே பார்ப்பார்?