குளோபோகாரோட 'கார்போரெல்' பத்தி ஒரு திருத்தம்

அண்ணா, மேல நீங்க கார்போரெல் பத்தி "நோட்ஸே கிடையாது, மேடைல தோணின மாதிரி நெஞ்சுல தட்டிக்கறது, யாரு வேணா பண்ணலாம்"னு போட்டிருக்கீங்க, அது தப்புங்க. 1985ல இசையமைப்பாளர் விங்கோ குளோபோகார் எழுதின இசைப் படைப்பு அது, தாளவாத்தியம் வாசிக்கறவர் ஒருத்தருக்காக. முழுசா ஸ்கோர், அதாவது எழுதி வெச்ச இசைக்குறிப்பு இருக்கு. உடம்புல எந்த இடத்துல அடிக்கணும், எப்ப மூச்சு இழுக்கணும், எப்ப விடணும், வாய்ல என்ன சத்தம் வரணும்னு எல்லாமே எழுதியிருக்கு. வாசிக்கறவர் சட்டை செருப்பு இல்லாம தரையில உக்காந்து தன் உடம்பையே வாத்தியமா வாசிக்கணும், அடி ஒரு பக்கம் மூச்சு ஒரு பக்கம் ரெண்டையும் சேத்து கொண்டுபோறதுக்கு எவ்ளோ சாதகம் வேணும்னு பாருங்க.

இது அவரு ஒருத்தரோட கிறுக்குத்தனமும் இல்ல, ஜெர்மன் இசையமைப்பாளர் லாஹென்மான் 1969லயே செல்லோவுக்கு (வில்லால வாசிக்கற பெரிய தந்தி வாத்தியம்) 'ப்ரெஷியான்'னு ஒரு படைப்பு எழுதிட்டாரு, அதுல என்ன சுரம் கேக்கும்ங்கறத விட கையும் வில்லும் வாத்தியத்துல எங்க, எப்படி அழுத்தணும்ங்கறத தான் பெரும்பாலும் குறிச்சிருப்பாரு. 1987ல பெல்ஜியம் இசையமைப்பாளர் தியெரி டெ மே எழுதின 'ம்யூசிக் டெ தாப்ல்' மூணு பேர் மேஜையில கையால வாசிக்கறது, அதுல விரல் அசைவு வரைக்கும் கணக்கு. தோணினபடி வாசிக்கற படைப்புகளும் நவீன இசைல இருக்கு தான், ஆனா இது மூணும் அந்த வகை இல்ல.

நம்ம தர்மபுரி பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவுல விடிய விடிய கூத்து கட்டறவங்க சலங்கை அடவ யாராச்சும் "சும்மா குதிக்கறாங்க"ன்னு சொன்னா நாம ஒத்துக்குவமா? கார்போரெல் வாசிக்கற வீடியோ இருக்கு, ஒருதடவ முழுசா பாத்துட்டு அந்த கமெண்ட்ட மாத்துங்கண்ணா, பசங்க நிறைய பேர் படிக்கறாங்க.