மெய்ப்புப் பார்க்கிற அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்?

ஏஐ வந்துவிட்டது, மாறிக்கொள்ளுங்கள் என்று தினமும் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்புகிறார். கூடவே உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார். 2030க்குள் வேலைக்கு வேண்டிய முக்கியத் திறன்களில் 39 சதவீதம் மாறிவிடுமாம். அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம், அதாவது வேலை கொடுப்பவர்களிடம் கேட்டு எடுத்த கணக்கு என்பதை மட்டும் யாரும் சேர்த்து அனுப்புவதில்லை.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் மூலத்தோடு ஒத்துப் பார்த்துப் பிழை திருத்துகிறவன். மாறிக்கொள்வது எங்கள் தொழிலுக்குப் புதிது இல்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில், 1978இல், எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. தும்பிக்கை வைத்த ‘லை’யும் ‘னை’யும் போயின; எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்களின் கை பழகியிருந்த பழக்கமும் அவற்றோடு போனது. அப்புறம் கணினியிலேயே பக்கம் அமைக்கும் டிடிபி வந்தது, ஈய எழுத்தே போனது. டிடிபியிலாவது நிம்மதி உண்டா? கடைக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு விசைப்பலகை. இங்கே அடித்ததை அங்கே திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாத பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடை 2010இல் தமிழக அரசு ஏற்றது. அதற்குப் பிறகும் லே-அவுட் மென்பொருள்களில் யுனிகோடு தமிழ் ஒழுங்காக உட்கார வருடங்கள் பிடித்தன. பழைய கோப்பை யுனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறித் தொங்குவதைத் திருத்தியே கண் போனவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே தொழிலில் நிலைத்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். புது மென்பொருளை முதலில் கற்றவர்கள் என்று தோன்றவில்லை. மென்பொருளை யாரும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களே நிலைத்தார்கள். வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து வரக் கூடாது என்பது கம்பாசிட்டருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். ஆரம்பகால மென்பொருளுக்கு அது தெரியாது, ‘க்’கில் ஒரு வரியைக் கூச்சமே இல்லாமல் தொடங்கும். அதைக் கண்டதும் உறுத்துகிற கண் இருந்தவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்பது பெரிய விஷயமாக இருக்கவில்லை.

இப்போது ஏஐக்கு வருகிறேன். நான் அதன் எதிரி அல்ல. பழைய புத்தகத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் எழுத்தாக்கித் தருகிறது. முன்பு அதற்கு ஒருவர் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டச்ச வேண்டும். எழுத்துப் பிழையும் ஓரளவு பிடிக்கிறது. ஆனால் கரிசல் காட்டுக் கதையில் பாட்டி ‘வந்தாக’ என்று சொன்னால், அதை ‘வந்தார்கள்’ என்று மரியாதையாகத் திருத்திவிடுகிறது. சங்கப் பாடல் மேற்கோள் கேட்டால், சங்கப் பாடல் மாதிரியே ஒன்றை இயற்றி, கூசாமல் ஒரு பாடல் எண்ணும் போட்டுத் தருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கலே அதுதான். மனிதர் தட்டச்சில் விட்ட பிழை பிழையாகவே தெரியும், இது விடும் பிழை சரளமான வாக்கியமாக வந்து நிற்கும். மூலத்தை வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பிடிபடாது.

ஆனால் ஒரு பதிப்பகத்திலிருந்து என்ன சொல்கிறார்கள் தெரியுமா? “மெஷின் பார்த்திருச்சு சார், நீங்க சும்மா ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுங்க.” கூலி பாதி. நேரம் என்னவோ அதேதான் ஆகிறது, சில சமயம் கூடுதலாகவும் ஆகிறது. மாறிக்கொள்ளுங்கள் என்கிற அறிவுரைக்குள் இந்தப் பாதிக் கூலியும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் மறுத்துவிட்டேன். எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன, மறுக்க முடிந்தது. எல்லோராலும் முடியாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்த உறுத்துகிற கண் எங்களுக்கு எப்படி வந்தது? சலிப்பூட்டும் வேலைகளால் வந்தது. ஒருவர் மூலத்தைக் காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் சரிபார்ப்பார். பின்னிணைப்புக்குச் சொல்லடைவு தயாரிப்பது, அடிக்குறிப்பு எண்களை ஒத்துப் பார்ப்பது, இவையெல்லாம் புதிதாக வந்தவரின் தலையில் விழும். சம்பளம் கொஞ்சம், திட்டு நிறைய. அப்படித்தான் தொழில் ஏறியது. ஏஐ முதலில் எடுத்துக்கொண்டதும் சரியாக இந்த வேலைகளைத்தான்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் சம்பளப் பட்டியல் தரவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஐயின் தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, நிறுவனம் சார்ந்த மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், ஒப்பீட்டளவில் சுமார் 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவமுள்ள மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. அதாவது என்னைப் போன்றவர்கள் தப்பித்துக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் வர வேண்டியவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். மெஷின் செய்வதைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அந்த ஆளைத் தயார் செய்யும் செலவு யாருடைய கணக்கிலும் இல்லை.

என்னிடம் தொழில் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் ஏஐ கிடையாது. ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், மூலத்தோடு கையால் பார்க்க வேண்டும். அதன் பிறகு அதே பக்கங்களை ஏஐயிடம் கொடுத்து, அது எதைப் பிடித்தது, எதைக் கெடுத்தது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்கிறேன். மெதுவான வழிதான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஏஐயை அவர்கள் கண்மூடி நம்புவதும் இல்லை, அதற்குப் பயப்படுவதும் இல்லை.

இதை நான் ஒருவன் வீட்டில் வைத்துச் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய இரண்டு மாதம் இதைப் பற்றிப் பேசினால் பதிப்பாளர்கள் அடிக்க வருவார்கள், அது நியாயமும்கூட. ஆடி, ஆவணியில் வேலை மந்தமாக இருக்கும்போது, ஒரு புத்தகத்துக்கு ஒரு புதியவர் என்று வைத்து, அவருக்குக் கூலியும் கொடுக்க எந்தப் பதிப்பகமாவது தயாராக இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். கற்றுக்கொடுக்க நான் காசு கேட்க மாட்டேன்.