பழைய பிக்கப்புக்கு வேறு கியர்பாக்ஸ்: போல்ட் துளை மட்டும் போதாது

பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் மணி வடிவ உறை) போல்ட் துளைகள் ஒத்துப்போனால் 4 கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு 5 கியர் பெட்டியை மாட்டிவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது போதாது. முதலில் இன்புட் ஷாஃப்ட்டை, அதாவது எஞ்சின் பக்கம் நீட்டியிருக்கும் பெட்டியின் தண்டை, அளக்க வேண்டும். நீளம் கூடினால் நுனி கிராங்க் ஷாஃப்ட்டில் முட்டும். குறைந்தால் அந்த நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கில் பிடிப்பு இருக்காது. கிளட்ச் பிளேட்டின் விட்டம் ஃபிளைவீலுக்கும் (எஞ்சின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்), நடுவிலுள்ள ஸ்ப்ளைன் (பல்வரிசை) புதிய பெட்டிக்கும் பொருந்த வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது இதைத்தான்: பெல் ஹவுசிங்கை மட்டும் மாட்டி, ஃபிளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுமானி) பொருத்தி, அதன் முனை பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உள்விளிம்பைத் தொடும்படி வைத்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள்ளின் மொத்த அசைவு 0.25 மி.மீ.யைத் தாண்டினால் ஆஃப்செட் டவல் பின் (பெல் ஹவுசிங்கை நேராக நகர்த்தி நிறுத்தும், மையம் விலகிய ஊசி) போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கியர் இறுக்கமாக விழும், பைலட் பேரிங்கும் சீக்கிரம் தேயும்.

தயவுசெய்து போல்ட்டை முடுக்கிப் பெட்டியை உள்ளே இழுக்காதீர்கள், போல்ட் நுழையும் காது உடைந்துவிடும். கையால் தள்ளும்போதே பெட்டியின் முகமும் பெல் ஹவுசிங்கின் முகமும் சேர வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்ட்டுக்கு (பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) அளவெடுக்கும்போது வண்டி தன் சக்கரங்களில் நிற்கட்டும். அதன் முனையில் பெட்டிக்குள் சறுக்கும் ஸ்லிப் யோக் முழுதாக உள்ளே போகும் இடத்திலிருந்து 20-25 மி.மீ. வெளியே இருக்கட்டும். ஆயில் புதிய பெட்டிக்குச் சொன்னதுதான். பித்தளை சின்க்ரோ வளையம் (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்துவது) உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 ரக கியர் ஆயில் கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றவேண்டாம்.