அப்பாமார் வெளியே நிற்கட்டும்

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் ரோபோ போட்டி நடக்கும்போது பெற்றாரையும் பயிற்றுவிப்பவர்களையும் பிள்ளைகள் வேலை செய்கிற இடத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும். இதைச் சொன்னால் வெள்ளவத்தையில் பாதிப் பேர் என்னோடு கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, கோபித்துக்கொண்டே மிச்சத்தையும் வாசியுங்கள்.

கொழும்பில் இப்போது தரம் மூன்று, நான்கு படிக்கிற பிள்ளைகளுக்கும் ரோபோ வகுப்பு வந்துவிட்டது. நல்ல விஷயம். என் அக்காவின் மகளும் ஒரு அணியில் இருக்கிறாள். அவளுக்காகப் போய் உட்கார்ந்த இடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். எங்களுக்குப் பக்கத்து மேசையில் ஒரு அப்பா மடிக்கணினியை மடியில் வைத்து மும்முரமாக வேலை செய்கிறார். பிள்ளை சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரோபோ ஓடியது, வடிவாகவே ஓடியது. நடுவர் குனிந்து, "ஏன் இந்த வளைவில் மட்டும் மெதுவாகப் போகுது?" என்று கேட்டார். பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்த்தது. அந்த அணிக்கு அன்று ஒரு பதக்கமும் கிடைத்தது.

2024இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே வந்ததற்கு நாடே கொதித்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சரியான கோபம்தான். அதே பெற்றார் ரோபோ போட்டிக்கு வந்தால் முழு வினாத்தாளையும் தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள், பிறகு கைதட்டுகிறார்கள். இதை ஏன் ஒருவரும் குற்றமாக நினைப்பதில்லை?

புலமைப்பரிசில் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பத்து வயதுக்குள் பிள்ளை எதையாவது வென்று காட்ட வேண்டும், அதற்கு ரியூசன், அதற்கு மாதிரி வினாத்தாள். ரோபோவும் அந்த வரிசையில் இன்னொரு பாடமாகிவிட்டது. சில இடங்களில் போட்டிக்கு என்றே ஒரு புரோகிராமை எழுதிக் கொடுத்து, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று மட்டும் பழக்குகிறார்கள்.

இதில் பிள்ளைக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லெகோ நிறுவனத்தின் ஈவி3 என்ற ரோபோ கல்வித் தொகுதியில் வரும் சக்கரத்தின் விட்டம் 56 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு ரோபோ ஏறக்குறைய 17.6 சென்ரிமீற்றர் போகும். ஒரு மீற்றர் போக வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் சுற்று. பை (π) என்றால் என்ன என்று தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளையும் இதைக் கண்டுபிடிக்கலாம். சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்து, தரையில் உருட்டி, அடிமட்டத்தால் அளந்தால் போதும். ஆனால் பிள்ளைகள் முதலில் அப்படிச் செய்வதில்லை. "மூன்று செக்கன் முன்னால் போ" என்றுதான் கொடுப்பார்கள். காலையில் சரியாகப் போய் நிற்கும். பின்னேரம் பற்றரி இறங்கியதும் அதே மூன்று செக்கனில் ரோபோ நிற்க வேண்டிய கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அப்போதுதான் பிள்ளைக்கு மூளை வேலை செய்யத் தொடங்கும். நேரத்தை நம்பக்கூடாது, சுற்றை எண்ண வேண்டும் என்பது அந்த இடத்தில் தானாக விளங்கும். அப்பா இரவில் அந்த ஒரு வரியை மாற்றி வைத்துவிட்டால், பிள்ளைக்கு அது கடைசிவரை தெரியாது.

தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுகிற ரோபோவும் அப்படித்தான். சென்சர் தன் வெளிச்சத்தைத் தரையில் அடித்து, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளையில் ஒரு எண், கறுப்பில் ஒரு எண், இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் நடு எண். அதற்கு மேலே வந்தால் வெள்ளை, கீழே வந்தால் கறுப்பு. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எடுத்த எண், பெரிய மண்டபத்து விளக்குகளுக்குக் கீழே கொஞ்சம் தள்ளிப் போகும். சென்சரை அரை விரல் உயர்த்திப் பூட்டினாலும் தள்ளிப் போகும். போட்டி அன்று காலை மறுபடி அளக்க வேண்டும் என்று அக்காவின் மகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் ஓட்டத்தில் ரோபோ கோட்டை விட்டு விலகி மேசை விளிம்பு வரை போனது. அவளும் அவளுடைய சிநேகிதியும் ஒரு பாட்டம் சண்டை பிடித்தார்கள், பிறகு மூலையில் உட்கார்ந்து வெள்ளையையும் கறுப்பையும் திரும்ப அளந்தார்கள். அடுத்த ஓட்டத்தில் பாதித் தூரம் ஒழுங்காகப் போனது. பரிசு ஒன்றும் இல்லை. அக்காவுக்குக் கொஞ்சம் மனவருத்தம், எனக்கு இல்லை.

நான் கேட்பது புதிய விஷயமும் இல்லை. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்காரருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே பிள்ளைகள் ரோபோவில் வேலை செய்கிற நேரத்தில் பயிற்றுவிப்பவர் அவர்களுக்குப் பக்கத்தில் போக முடியாது. போட்டி அன்று காலையில் ஒரு திடீர் விதியையும் தருவார்கள், வீட்டில் மனப்பாடம் பண்ணி வந்தவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். 1998இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற இன்னொரு போட்டியில் ரோபோ ஓட்டம் இரண்டரை நிமிடம்தான், மொத்த மதிப்பீட்டில் அது நான்கில் ஒரு பங்குதான். மிச்சத்தில் ஒரு பங்குக்குப் பிள்ளைகள் நடுவர்களோடு உட்கார்ந்து, ரோபோவை ஏன் இப்படிச் செய்தோம், எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினோம் என்று கதைக்க வேண்டும். வாங்கி வந்த ரோபோவை வைத்துக்கொண்டு அந்த அறையில் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. எங்கள் சின்னப் போட்டிகள் மேசையையும் விரிப்பையும் புள்ளிப் பட்டியலையும் பார்த்து எடுத்துக்கொண்டன, இந்தப் பகுதியை விட்டுவிட்டன.

காசு விஷயம் தனிக் கதை. ஒரு நல்ல தொகுதி சில நூறு டொலர். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, அது எத்தனை பள்ளிக்கூடங்களுக்குக் கைக்கெட்டாமல் போனது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு முடிவில் ஈவி3 போன்ற தொகுதிகள் வந்த லெகோ மைண்ட்ஸ்டோர்ம்ஸ் வரிசையையே நிறுத்திவிட்டார்கள், அதனால் இருக்கிற பழைய பெட்டிகளின் உடைந்த துண்டுகளுக்கு மாற்றுத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் ரோபோவுக்கு மூளையாக வைக்கிற ஒரு ஆர்டுயினோ பலகை, இரண்டு மோட்டார், ஒரு பற்றரிப் பெட்டி எல்லாம் அந்த விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை கார்ட்போர்ட் மட்டையில் சக்கரம் பூட்டி ஓட்டினாலும், அது எப்படி ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தால் எனக்கு அவன்தான் முதல் இடம்.

சொல்லத் தெரிவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளையிடம் நடுவர் ஆங்கிலத்தில் கேட்கிறார், இல்லாவிட்டால் சிங்களத்தில். வீட்டில் "கறுப்பு வந்தா இடப்பக்கம் திரும்பு, வெள்ளை வந்தா வலப்பக்கம் திரும்பு" என்று தெளிவாகச் சொன்ன பிள்ளை, அங்கே போய் ஊமையாக நிற்கிறது. வாய் திறக்காத பிள்ளையையும், அப்பா செய்து கொடுத்த ரோபோவோடு வந்த பிள்ளையையும் நடுவரால் பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே மாதிரித்தான் முழிக்கும். உதவி செய்யாவிட்டால் எங்கள் பிள்ளை பின்தங்கிவிடும் என்று சில பெற்றார் சொல்வதில் இந்த இடத்தில் மட்டும் எனக்கு நியாயம் தெரிகிறது. அதற்கு வழி, நடுவர் மேசையில் தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வைப்பதுதான். அப்பாவை உள்ளே விடுவதால் அது தீராது.

ஆகவே போட்டி நடத்துகிறவர்களிடம் என் கோரிக்கை இரண்டுதான். ஓட்டத்துக்கு எவ்வளவு புள்ளியோ அதே அளவு பிள்ளையின் விளக்கத்துக்கும் கொடுங்கள், அது எந்த மொழியில் இருந்தாலும். பிள்ளைகள் வேலை செய்கிற இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, பெரியவர்களை அந்தப் பக்கம் நிறுத்துங்கள். தமிழில் கேள்வி கேட்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு பிளேன்டீ தந்தால் போதும்.