40 வயசுக்கு மேல வெயிட் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடுமா?
"குழந்தை பெத்தவங்க 40 வயசுக்கு மேல வெயிட் தூக்கவே கூடாது, கர்ப்பப்பை இறங்கிடும், வாக்கிங் போதும்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டு இருக்கு, தப்புங்க. உலக சுகாதார நிறுவனத்தோட 2020 கைடுலைன்ல பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி, அதோட 2 நாள் வெயிட் தூக்குறது மாதிரி தசைக்கு வலு குடுக்குற பயிற்சியும் வேணும்னு இருக்கு, அம்மாக்களுக்கும் சேத்துதான். மாதவிடாய் நிக்குற சமயத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் குறைஞ்சு எலும்பு வேகமா தேயும், அப்ப எலும்பைத் தாங்கிப் பிடிக்கிற பயிற்சியைப் போய் நிறுத்தச் சொல்றாங்களே, எனக்கு அதுதான் ஆத்திரமா வருது!

கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, தூக்கும்போது மூச்சை அடக்கி முக்காம வெளிய விடுங்க. தும்மினா சிறுநீர் கசியுது, அடியில ஏதோ இறங்குற மாதிரி கனமா இருக்குன்னா மட்டும் முதல்ல டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்க, அதுக்கும் இடுப்புத்தள தசைக்கு, அதாவது கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியில தாங்குற தசைக்கு, பயிற்சி இருக்கு.